பச்சை உடம்பு

ஜூன் 9, சனி

வந்து சேர்ந்தேன். தூத்துக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தால், ஊர் முடிந்த பிறகும் ஆட்டோ போய்க்கொண்டே இருக்கிறது. "இன்னும் எம்புட்டு தூரம்ப்பா?" என்று கேட்டேன். "உப்பளம் தெரியுதுல்லா சார், அதுக்குள்ளதான்" என்றான். தெரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பாத்தியெல்லாம் வெள்ளை, வரப்பில் அம்பாரம் அம்பாரமாக உப்பு, மேலே வானமும் வெளுத்துக் கிடந்தது. நடுவில் கம்பெனி குவார்ட்டர்ஸ். அதற்கும் போய்ச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார்கள். வேறு நிறம் அடித்தால் கம்பெனி குடி முழுகிப் போகுமா என்ன!

மாப்பிள்ளை சுயம்பு இங்கே சூப்பர்வைசர். வாசலில் நின்று பையை வாங்கிக்கொண்டார். செண்பகா உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், பெண் குழந்தை. இன்று காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள்.

"அப்பா வந்திருக்கேன் தாயி."

"வாங்கப்பா" என்றாள், சுவரிடம்.

பிள்ளை தொட்டிலில் கிடந்தது. தலை நிறைய முடி. மூக்கு யாருடையது என்று நான் எழுதப்போவதில்லை.

பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் டீச்சர் வந்தார். ரிட்டயரானவர், மகனுக்கு இந்தக் கம்பெனியில் வேலை. பிள்ளையைக் குளிப்பாட்ட அவர்தான் வரப்போகிறாராம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பச்சை உடம்புக்காரி. பாத்துக்கிடுங்க. பச்சத் தண்ணி தொடக்கூடாது, பச்ச மொளகா ஆகாது, பச்சக் காய்கறி ஆகாது" என்றார்.

"மொத்தத்துல பச்சையே ஆகாதா டீச்சர்?"

"ஐயோ, நான் நெறத்தையா சொன்னேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. ரயில்வேயில் கார்டாக இருந்தவனுக்குப் பச்சை என்றால் ஒரே பொருள்தான். தடையில்லை, போகலாம்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. நான் அழைக்கவில்லை. என் வீட்டுக்காரி உலகம்மாள் தை மாதம் காலமாகிவிட்டாள். அம்மா இல்லாத வீட்டில் பிள்ளைப்பேறு பார்க்க யார் இருக்கிறார்கள்? தவிர, இங்கே ஆஸ்பத்திரி பக்கம், டாக்டர் பழக்கம். எல்லாம் நியாயமான காரணங்கள்.

ஜூன் 10, ஞாயிறு

பூண்டுக் குழம்பு வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. மேலாக எடுத்துப் போட்டேன். செண்பகா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். நன்றாக இல்லை என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இவள் சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற பெண்.

பிள்ளை அழுதால் எடுத்துக் கொடுக்கிறேன். வாங்கி மடியில் போட்டுப் பால் கொடுக்கிறாள். பார்ப்பதில்லை. கண் சுவரிலேயே இருக்கிறது. முடிந்ததும் யாராவது வாங்கிக்கொள்ளட்டும் என்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை அடுக்களைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "ஆஸ்பத்திரிலேருந்தே இப்படித்தான் மாமா. பிள்ள மொகத்த அவ இன்னும் சரியாப் பாக்கவே இல்ல" என்றார். அவர் கண் கலங்கியது. நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

அவள் பிள்ளையைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஜூன் 11, திங்கள்

செங்கோட்டையிலிருந்து ஆவுடையப்பன் போன் செய்தான். எங்கள் பென்ஷனர் சங்கத்துச் செயலாளர். ஊரில் சாரல் தொடங்கிவிட்டதாம். "வீட்டப் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வரவா?" என்றான். வேண்டாம் என்றேன். பூட்டித்தான் கிடக்கிறது, கிடக்கட்டும். சங்க ஆபீஸில் என் பாயையும் தலையணையையும் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன்.

சாரல் என்றதும் வேலை ஓடவில்லை. வெளியே பார்த்தால் உப்பு. கண்ணை மூடிக்கொண்டால்தான் ஊர் தெரிகிறது.

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே அந்த மீட்டர்கேஜ் பாதையில் என் வாழ்க்கையில் பாதி போனது. எஞ்சின்காரன் வரப்போகிறதைப் பார்ப்பான். கார்டு கடைசிப் பெட்டியில் நின்றுகொண்டு, போய்விட்டதைப் பார்ப்பான். நான் பார்த்த மலை எல்லாம் என்னைவிட்டு விலகிப் போன மலைதான். ஆனாலும் குறை சொல்ல மாட்டேன். முன்னால் இருப்பவனுக்கு ஒரு நொடி தெரிவது, பின்னால் இருப்பவனுக்கு வெகுநேரம் தெரிந்துகொண்டே இருக்கும்.

கல்யாணமான புதிதில் எங்கள் முதல் பிள்ளை தங்காமல் போயிற்று. அதன் பிறகு உலகம்மாள் பேச்சை நிறுத்திவிட்டாள். சமைப்பாள், கூட்டுவாள், கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள். கோயிலுக்குக் கூட்டிப் போனேன், திருநீறு போட்டார்கள், தாயத்துக் கட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் வீட்டில் தனியாக விட்டுப் போகப் பயந்துகொண்டு, என் வண்டியிலேயே ஏற்றிவிட்டேன். நான் நிற்கிற கடைசிப் பெட்டியான பிரேக்வேனை ஒட்டிய பெட்டியில் ஜன்னலோரமாக உட்காரவைத்தேன்.

பகவதிபுரம் தாண்டியதும் குகை வரும். பெரிய குகை. புகையும் இருட்டுமாக, முடியவே முடியாதோ என்று இருக்கும். அதைவிட்டு வெளியே வந்தால் மலைக்கு அந்தப் பக்கம். அங்கே மழையே வேறு, பச்சையும் வேறு. தேக்கு, மூங்கில், பாறையில் வழிகிற பாசி, கையெட்டும் தூரத்தில் பெரணி. ஆரியங்காவில் வண்டி நின்றது. இறங்கி அவள் ஜன்னலுக்குப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தாள்.

"எம்மாடி, எம்புட்டுப் பச்ச!" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

திரும்பி வரும்போது பேசிக்கொண்டே வந்தாள். "ஒவ்வொரு வளைவுக்கும் அம்பாள் வேற வேற சேல மாத்திட்டு நிக்கா, பாத்தீயளா? நம்மளப் பாக்க வச்சிட்டா" என்றாள். வயிற்றுக்குள் கல்லாகக் கிடந்தது இறங்கிவிட்டது என்றாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு இரண்டாம் தடவை சோறு போட்டுவிட்டு, போதுமா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

அப்புறம்தான் செண்பகா பிறந்தாள்.

ஜூன் 12, செவ்வாய்

தையல் பார்க்கச் செண்பகாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பிள்ளையை டீச்சர் வைத்துக்கொண்டார். டாக்டரம்மா தையலைப் பார்த்து நல்லது என்றார். செண்பகாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம், "பிள்ள பெத்தவங்க சில பேருக்கு இப்படி வரும். அது அவங்க குத்தம் இல்ல. தனியா விடாதீங்க. மாறலேன்னா கண்டிப்பா கூட்டிட்டு வாங்க, வைத்தியம் இருக்கு. நாலு சுவத்துக்குள்ளயே வச்சிருக்காம கொஞ்சம் பச்சையப் பாக்க விடுங்க" என்றார். பிள்ளையை ஏன் கொண்டுவரவில்லை, அடுத்த வாரம் கட்டாயம் கொண்டு வாங்க, காலையில் இளவெயிலில் காட்டுங்க என்றும் சொன்னார்.

எனக்குக் காதில் விழுந்தது பச்சை என்ற வார்த்தைதான். உலகம்மாளே வந்து இந்த அம்மா வாயால் சொன்னமாதிரி இருந்தது.

ஆனால் இந்த உப்புக்காட்டில் பச்சைக்கு எங்கே போக? ரோட்டோரம் நாலு உடைமரம் நிற்கிறது, அதன் மேலும் உப்புத் தூசி. செண்பகாவை வீட்டில் விட்டுவிட்டு டவுனுக்குப் போய் ஜவுளிக்கடையில் நுழைந்தேன். ஜன்னலுக்குத் துணி வேண்டும், பச்சை என்றேன். கடைக்காரர் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, இலைப்பச்சை என்று எடுத்துப் போட்டார்.

"ஆரியங்காவுப் பச்சை இருக்கா?"

"அப்படி ஒரு கலர் எங்களுக்கு வரல சார்" என்றார், ரொம்ப மரியாதையாக.

இலைப்பச்சையில் எடுத்தேன். ஒரு மடிப்பாகப் பிடித்தால் வெயில் தெரிந்தது. இரண்டு மடிப்பாகப் பிடித்தேன், சரியாக இருந்தது. பிளாட்பாரத்து டெய்லர் உடனே அடித்துக் கொடுத்தார்.

ஜூன் 13, புதன்

திரை மாட்டினேன். கட்டில் இருக்கிற அறைக்கு இரண்டு ஜன்னல், இரண்டுக்கும். வாசலிலிருந்து வெளிச்சம் வராமல் நிலைக்கும் ஒன்று. மாட்டி முடித்ததும் அறையே மாறிவிட்டது. மரத்தடியில் நிற்கிற மாதிரி. சுவரெல்லாம் பச்சை, என் கையும் பச்சை.

செண்பகா திரும்பிப் படுத்தாள். வந்த நாளிலிருந்து அவள் தானாகத் திரும்பியது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் துணியையே பார்த்தாள்.

"கொகை தாண்டின மாதிரி இருக்குப்பா" என்றாள்.

சின்னப்பிள்ளையில் அவளையும் அந்த வண்டியில் கூட்டிப் போயிருக்கிறேன். ஸ்டூலை எடுத்துப் போடுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன். உலகு, உன் வைத்தியம் பலிக்கிறது.

தொட்டிலில் பிள்ளை முகமும் பச்சையாகத் தெரிந்தது. மீனாட்சி மரகதத்தில் இருக்கிறாள் என்பார்களே, அதுமாதிரி. "மரகதக் குட்டி" என்று கூப்பிட்டேன். கண்ணைத் திறக்கவில்லை.

டீச்சர் சாயங்காலம் மதுரைக்குப் புறப்பட்டார், தம்பி வீட்டுக் கல்யாணம். "நான் வர்ற வரைக்கும் பிள்ளைய ஈரத்துணில தொடச்சி எடுங்க போதும். காலைல வெயில் காட்ட மறந்துராதீங்க அண்ணாச்சி" என்று சொல்லிப் போனார். இந்த ஊரில் இளவெயில் என்று ஒன்று இருக்கிறதா? விடிந்ததுமே உப்பில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. பெரியவனான எனக்கே தாங்கவில்லை. பச்சை வெளிச்சமே பிள்ளைக்குப் போதும்.

ஜூன் 14, வியாழன்

பிள்ளை சமர்த்து. அழுகையே இல்லை.

ஜூன் 15, வெள்ளி

மிளகு ரசம் நன்றாக வந்தது. செண்பகா, "அம்மா சீரகம் இன்னும் கொஞ்சம் போடுவா" என்றாள். குறை சொல்லிவிட்டாள்! நான் இரண்டு கரண்டி கூடக் குடித்தேன்.

பிள்ளைத் துணி துவைத்தேன். மஞ்சளாகக் கறை, எத்தனை தேய்த்தாலும் போகவில்லை. இந்த ஊர்த் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே இல்லை, கறை எங்கே போகும்? மேற்கிலிருந்து அடிக்கிற மேகாத்து வேறு கொடியிலிருந்து துணியைப் பிய்த்துக்கொண்டு போகிறது. ஒரு சட்டையை உப்புப் பாத்தி வரைக்கும் விரட்டிப் போய்ப் பிடித்தேன். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கிறது. பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருக்கிறது, இரண்டு வாய் குடித்ததும் மறுபடி தூக்கம். மாப்பிள்ளை இருட்டின பிறகுதான் வீடு வருகிறார். டியூப்லைட் வெளிச்சத்தில் தொட்டிலை எட்டிப் பார்த்து, "நல்லாத் தூங்குதே மாமா" என்றார். "பச்சை செய்யிற வேல மாப்ளே" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

ஜூன் 16, சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாமல் கை நிற்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் கண் அசந்துவிட்டேன். செண்பகா கூப்பிட்டாள்.

"அப்பா, பிள்ள குடிக்கல."

"தூங்குது தாயி. எந்திரிச்சிக் குடிக்கும், விடு" என்று படுத்தபடியே சொன்னேன்.

"இல்லப்பா. வாயில வச்சாலும் சப்பல. மொகத்தக் கொஞ்சம் பாக்கணும். இங்க ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

அடுத்து துணி கிழிகிற சத்தம். ஓடினேன். அவள் ஜன்னல் திரையைப் பிடித்து இழுத்திருந்தாள், கம்பியோடு கீழே கிடந்தது. உப்பளத்து வெளிச்சம் முழுவதும் அறைக்குள் வந்துவிட்டது. எனக்குக் கண் கூசி ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குக் கூசவில்லை. தையல் போட்ட வயிற்றோடு ஜன்னலடியில் மண்டி போட்டு, பிள்ளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

"அப்பா, பிள்ள மஞ்சளா இருக்கு. இங்க பாருங்க. கண்ணு, நாக்கு, உள்ளங்கால் எல்லாம் மஞ்சளா இருக்கு. எப்பலேருந்துப்பா?"

எப்போதிலிருந்து என்று நான் என்ன சொல்வேன்? நான் பச்சையாக அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் துவைத்த துணிகள் ஞாபகத்துக்கு வந்தன.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். ஆட்டோவுக்குக் காத்திருக்கவில்லை. உப்பு ஏற்ற வந்திருந்த லாரியைக் கையோடு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். முன்னால் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். ரோடெல்லாம் குண்டும் குழியும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் செண்பகா பல்லைக் கடித்தாள். ஆனால் பிள்ளை முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முழிச்சிக்கோ, முழிச்சிக்கோ, அம்மா இருக்கேன், முழிச்சிக்கோ" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். வேண்டும் வேண்டும் என்று நான் கேட்டது இதுதான். இப்படியா கேட்டேன்?

ரத்தம் எடுத்தார்கள். காமாலை ஏறியிருக்கிறதாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டரம்மா தொடங்கினார், முடிக்கவில்லை. திரை விஷயத்தை நானே சொன்னேன்.

"ஐயா, வெளிய கூட்டிட்டுப் போயி பச்சையக் காட்டுங்கன்னு சொன்னேன். நீங்க பச்சைக்குள்ள அடச்சு வச்சிருக்கீங்க."

ஜூன் 17, ஞாயிறு

காமாலை இறங்க நீல விளக்கு. அதன் அடியில் பிள்ளை, கண்ணுக்குப் பஞ்சு வைத்துக் கட்டி, இடுப்பில் துணி மட்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் செண்பகா. நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.

மாப்பிள்ளை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. "மிச்சத் துணியெல்லாம் கழத்திட்டேன் மாமா" என்று மட்டும் சொன்னார். கத்தியிருக்கலாம்.

மத்தியானம் இட்லி வாங்கிக்கொண்டு போனேன். செண்பகா கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீங்க ஏன்ப்பா என்னயக் கூப்பிடல?"

"எங்க தாயி?"

"வீட்டுக்கு. வளைகாப்பு முடிஞ்ச அன்னைக்கு நான் பெட்டியெல்லாம் கட்டி கட்டிலுக்கு அடியில வச்சிருந்தேன். கூட்டிட்டுப் போவீங்கன்னு. நீங்க கைகழுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டீங்க."

எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"அம்மா இல்லாத வீட்ல, நான் ஒத்த ஆம்பள, என்னத்தச் செஞ்சிற முடியும்னு..."

"அம்மா இல்லேன்னா எனக்கு வீடும் இல்லையாப்பா? நீங்க இருக்கீங்கல்லா அங்க?"

பக்கத்தில் ஒரு நர்ஸ் போனாள். அவள் போகிறவரை நின்றேன். அப்புறம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"நானும் அங்க இல்ல, செண்பகா."

தை மாதத்திலிருந்து நான் சங்க ஆபீஸில்தான் படுக்கிறேன். காற்றோட்டமான இடம், பேப்பர் வரும் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். காரியம் முடிந்த மறுநாள் பின்கட்டுக் கதவைத் திறந்தேன். அவள் வைத்த வெற்றிலைக் கொடியும் மருதாணியும் தவசிக்கீரையும் அப்படியே நின்றன. தண்ணீர் ஊற்றுகிற செம்பு துவைகல் மேல் இருந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, முன்கதவையும் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தச் செடியெல்லாம் தண்ணீர் இல்லாமல் ஒவ்வொன்றாகச் சாவதை என்னால் பார்க்க முடியாது. நான் ஊற்றினால் அவள் ஊற்றவில்லை என்று ஆகிவிடும். அதுவும் முடியாது.

இதையெல்லாம் அப்படியே அவளிடம் சொன்னேனா, பாதிதான் சொன்னேனா, ஞாபகம் இல்லை. செண்பகா முதல் தடவையாகக் கண்ணாடியைவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கிறுக்கு அப்பா" என்றாள். பிறகு, அம்மா போனதற்குச் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் என் தோளில் அழுதாள். நான் இட்லிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 19, செவ்வாய்

ரத்தத்தில் அளவு இறங்கியிருக்கிறது. பால் குடித்தது.

ஜூன் 21, வியாழன்

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். டீச்சர் மதுரையிலிருந்து வந்து எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினார்! "ரயிலுக்குக் கொடி காட்டுற ஆளுகிட்டப் பிள்ளையக் குடுத்துட்டுப் போனேன் பாருங்க, என்னச் சொல்லணும்." கேட்க நன்றாக இருந்தது. இனி தினமும் காலையில் அவரும் செண்பகாவும் வாசலில் உட்கார்ந்து பிள்ளையை வெயிலில் காட்டப்போகிறார்களாம்.

செண்பகா இன்னும் சில நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள். ஆனால் மடியில் பிள்ளை அசைந்தால் குனிகிறாள். டாக்டரம்மா அவளுக்குத் தனியாக வைத்தியம் தொடங்கியிருக்கிறார், தென்காசியில் ஒரு டாக்டரைப் பார்க்கவும் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஏன் தென்காசி என்றால், செண்பகா கேட்டு வாங்கியது அது. செங்கோட்டை வீட்டுக்கு வருவதென்று அவளே முடிவு செய்துவிட்டாள், தென்காசி அங்கிருந்து பக்கம். எனக்குத் தகவல் மட்டும் சொன்னாள்.

"பச்சை உடம்புக்காரி, இப்பவே பிரயாணமா?" என்று டீச்சர் இழுத்தார். "வலிக்காமப் பாத்துக்கிடுதேன் டீச்சர்" என்றேன். அந்த வார்த்தையின் பொருள் இப்போது எனக்குத் தெரியும். இன்னும் ஆறாத உடம்பு. அது பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் உள்ளது என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 28, வியாழன்

செங்கோட்டை. மாப்பிள்ளை கம்பெனி கார் கேட்டு வாங்கி அவரே ஓட்டி வந்தார். கடையநல்லூர் தாண்டியதுமே காற்றில் ஈரம் தெரிந்தது. செண்பகா கண்ணாடியை இறக்கிவிட்டு, பிள்ளையின் உள்ளங்கையை வெளியே நீட்டிச் சாரலில் காட்டினாள். அது முகத்தைச் சுளித்தது. "குளிருதாம்" என்றாள் மாப்பிள்ளையிடம். அவர் ரோட்டைப் பார்க்காமல் இவளையே பார்த்தார். "முன்னாடி பாத்து ஓட்டுங்க மாப்ளே" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

முன்கதவைத் திறந்து, கூட்டி, விளக்கேற்றினோம். பின்கட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. இருட்டிவிட்டது என்பது ஒரு காரணம்.

ஜூன் 29, வெள்ளி

காலையில் எழுந்ததும் பால் காய்ச்சினேன். அடுப்பைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன். செண்பகா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுக்களையைக் கடந்து பின்கட்டுக்குப் போனாள். தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. அம்மிக் குழவியை எடுத்துத் தர நான் போகவில்லை. அவளே இரண்டு தட்டுத் தட்டித் திறந்தாள்.

அவள் சத்தம் ஒன்றையும் காணோம். எல்லாம் காய்ந்துபோய்க் கிடக்கிறது, அதனால்தான் பேசாமல் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

"அப்பா, இங்க வாங்க."

"வாரேன் தாயி, பாலு..."

"அடுப்ப அணச்சிட்டு வாங்க."

அணைத்துவிட்டுப் போனேன். நிலையோடு நின்றுகொண்டேன். அவள் திரும்பி வந்து பிள்ளையை என் கையில் கொடுத்தாள். பிறகு முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளினாள். படி இறங்கினேன்.

ஒரு செடிகூடச் சாகவில்லை. கோடை மழையில் எப்படியோ உயிரைப் பிடித்துவைத்திருந்து, சாரல் வந்ததும் எழுந்திருக்கின்றன. மருதாணி கூரை உயரம் போய்விட்டது. வெற்றிலைக் கொடி முருங்கை மரத்தில் ஏறி முடித்துவிட்டுக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தவசிக்கீரை நடைபாதையை மூடிவிட்டது. கிணற்றடி, படிக்கல், துவைகல் எல்லாம் பாசி. செம்பைக் காணவில்லை, அதன் மேல் ஏதோ கொடி படர்ந்து மேடாகத் தெரிந்தது. இலை எல்லாம் நனைந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பச்சை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. நான் பூட்டிக்கொண்டு போனதை அவை பொருட்படுத்தவே இல்லை.

"உலகு" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவள் போன அன்றைக்கு அழவில்லை, கொள்ளி வைத்தபோது அழவில்லை, இன்றைக்கு நட்டநடு முற்றத்தில் வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். என் சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு விழித்து, என்னைவிட உரக்க, முகமெல்லாம் சிவந்து வீரிட்டது.

செண்பகா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"இப்ப எந்தப் பிள்ளைய மொதல்ல சமாதானம் பண்ண?" என்றாள்.

பிள்ளையைத்தான் முதலில் வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்து எனக்கு இன்னும் அழுகை வந்தது.